நான்கு பத்துக்கு அணையும் விளக்கு

அத்தியாயம் ஒன்பது

சனிக்கிழமை மதியம் இரண்டே காலுக்கு டெலிபோன் லைன்காரர் வந்தார். சொன்ன நேரத்துக்கு வந்த முதல் ஆள் அவர்தான் என்பதால் நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன்.

நோட்டைப் பற்றி முன்பே வாசித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பகலில் நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். வாரத்தில் மூன்று மாலை அலுவலக வேலைக்கான பயிற்சி வகுப்பு. தினம் ஒரு பக்கம், நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள் என்று வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நேரம், நடந்தது, நான் செய்தது, சந்தேகம். மற்றவர்களுக்கு நான்காவது கட்டம் காலியாகவே கிடக்கும். எனக்கு அது மட்டும் ஓரத்தில் வழிந்து அடுத்த பக்கத்துக்குப் போகும்.

ஐந்து வாரமாக அந்த நோட்டு முழுக்க எங்கள் வீட்டு மோடம்தான். அதன் மூன்றாவது பச்சை விளக்கு தினமும் ஒருமுறை, ஞாயிறு தவிர மற்ற நாளில் சாயங்காலம் நான்கு பத்து வாக்கில், அணைந்துவிடும். மூன்று நிமிடம் கண்சிமிட்டிவிட்டுத் திரும்ப எரியும். விழுந்து எழுந்த நேரத்தை மோடமே தனக்குள் பதிந்துவைக்கும். வகுப்பு முடிந்து வந்து அதைப் பார்த்துப் படியெடுப்பேன். மீன்தொட்டிப் பக்கத்திலிருந்து மோடத்தை நகர்த்தியாயிற்று. ஒயரை மாற்றியாயிற்று. கடவுச்சொல்லை மாற்றி, அதை அப்பா மறந்து, திரும்ப மாற்றியாயிற்று. உதவி எண்ணில் பேசிய ஒவ்வொருவரும் அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். அது தானாகவே அதைத்தான் செய்கிறது என்று சொன்னால் யாருக்கும் புரியவில்லை.

ஐந்து வாரத்தில் இரண்டு வேலை நாட்கள் மட்டும் விளக்கு அணையவில்லை. அந்தப் பக்கங்களில் நான் எழுதியிருந்தது: 'அம்மாவுக்குக் காய்ச்சல், சலவைக் கடைக்குப் போகவில்லை. மோடம் நலம்.' இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிய எனக்கு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அண்ணனுக்குத்தான் இதில் கழுத்தில் கத்தி. ஓட்டல் அறை பதிவு செய்தவர்களின் புகார்களை வீட்டிலிருந்தே கேட்பது அவன் வேலை. கைபேசி இணையத்தில் பேச அவன் கம்பெனியில் அனுமதி இல்லை. வீட்டு லைன்தான் வேண்டும். இன்று நான்கிலிருந்து நான்கரை வரை அவன் பேசுவதை மேற்பார்வையாளரே கேட்கப்போகிறார். நடுவில் ஒருமுறை அறுந்தாலும் திங்கட்கிழமை கிளம்பி, தலைமை அலுவலகத்துக்கே போய் வேலை பார்க்க வேண்டும். ரயிலில் ஒன்பது மணி நேரம்.

"போனா போகட்டும். தனியா இருந்தாத்தான் துணி துவைக்கக் கத்துப்பான்" என்று அம்மா காலையில் சொன்னாள். சொல்லிக்கொண்டே அவன் சட்டை ஒன்றை இரண்டு தடவை தேய்த்தாள். சலவைக் கடையில் நாள் முழுக்கத் தேய்க்கிறவள், வீட்டில் தேய்ப்பெட்டியைத் தொடுகிறாள் என்றால் மனசு சரியில்லை என்று அர்த்தம்.

ஏற்கனவே ஒரு பிள்ளை போன வீடு இது. அக்கா போய் மூன்று வருடம் ஆகிறது. அம்மாவுக்கும் அவளுக்கும் நடந்த கடைசிச் சண்டையில், "இனிமே இந்த வாசப்படி ஏறாத" என்றாள் அம்மா. அக்கா சொன்ன பேச்சைக் கேட்கிறவள் இல்லை. அதை மட்டும் கேட்டுவிட்டாள்.

லைன்காரர் வெளியே இருந்த பெட்டியைத் திறந்து, மீட்டரை மாட்டி, அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா பக்கத்திலேயே நின்றார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். யார் வேலை செய்தாலும் பக்கத்தில் நிற்பார்.

"வெளிய சுத்தமா இருக்கு. உள்ளதான் ஏதோ தொங்குது" என்றார் லைன்காரர்.

"என்ன தொங்குது?"

"அது உள்ள இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். எத்தன போன் வச்சிருக்கீங்க?"

"போனே இல்லீங்க. ரெண்டு மாசம் முன்னாடி எடுத்துட்டோம்" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. "ஒரே கம்பியிலதான்மா இன்டர்நெட்டும் வருது, மணியும் வருது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்க ஃபில்டர்னு ஒண்ணு மாட்டணும். மாட்டாத போன் ஒண்ணு இருந்தா, யாராவது கூப்பிடும்போதெல்லாம் இன்டர்நெட் விழும். என்கிட்ட இருந்த ஃபில்டர் தீர்ந்துபோச்சு. திங்கக்கிழமை கொண்டாரேன்."

"திங்கக்கிழமை நான் ரயில்ல இருப்பேன்" என்றான் அண்ணன் உள்ளேயிருந்து.

"அப்ப அவசரம் இல்லல்ல" என்று சொல்லிவிட்டு லைன்காரர் பையை மூடினார்.

அவர் போனபின் மணி மூன்று ஐந்து. நோட்டில் நான்காவது கட்டத்தில் எழுதினேன்: 'போன் இல்லாத வீட்டில் மணி அடிக்க முடியுமா?' எழுதியபின் அது முட்டாள்தனமாகத் தெரிந்தது. அடித்துவிட்டு, திரும்பவும் எழுதினேன்.

"இன்ஸ்பெக்டர், எழுதினது போதும். கூப்பிட்டுப் பாரு" என்றார் அப்பா. நோட்டு ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

"எந்த நம்பருக்குப்பா?"

"நம்ம வீட்டு நம்பருக்குத்தான்."

கடைசியாக எப்போது அந்த எண்ணைப் போட்டேன் என்று நினைவில்லை. கைபேசியில் அது சேமிக்கப்படவும் இல்லை. ஆனால் விரலுக்குத் தெரிந்திருந்தது. ஐந்தாம் வகுப்பில் மழைக்காகப் பள்ளியை மதியமே விட்டபோது, பக்கத்துக் கடையிலிருந்து இதே எண்ணைத்தான் போட்டேன். சகதியோடு வீட்டுக்குள் வராதே என்று சொல்ல, மறுமுனையில் எப்போதும் ஒரு ஆள் இருந்த காலம் அது.

ஸ்பீக்கரில் போட்டேன். நான்கு முறை மணி அடித்தது. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு 'கிளிக்' என்றது. மோடத்தின் மூன்றாவது விளக்கு அணைந்தது.

"வணக்கம். நாங்க எல்லாரும் வெளிய போயிருக்கோம்" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். "நிஜமாவே வெளிய போயிருக்கோம். உள்ள ஒளிஞ்சுக்கிட்டு எடுக்காம இல்ல."

பின்னால் ஒரு பெண் சிரித்தாள். மூச்சு முட்டுகிற சிரிப்பு. "ஏய், அதையெல்லாம் சொல்லாதடி."

"பேரும் நம்பரும் சொல்லிட்டு வைங்க. டேய், கைய எடுறா." எதுவோ விழுந்த சத்தம். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் பெரிதாகும்போது நறுக்கென்று ஒரு பீப்.

மூவரும் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அக்காவின் ஒன்பது வயதுக் குரல். கை வைத்தவன் அண்ணன். அழுதது நான்.

"அந்தச் சிரிப்பு" என்றார் அப்பா. "அது உங்கம்மா. அவ அப்படித்தான் சிரிப்பா."

நாங்கள் அதைக் கேட்டு மூன்று வருடம் இருக்கும்.

அப்பா கூடத்துச் சுவரின் அடியில் போகும் ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே நடந்தார். பல தடவை சுண்ணாம்பு பூசியதில் அது சுவரோடு சுவராகிப் போயிருந்தது. "இது நான் இழுத்தது. பெரியவ பத்தாவது படிக்கறப்ப. தோழிங்களோட பேச தனியா இணைப்பு வேணும்னு ஒரு வாரம் சாப்பிடல."

"ரெண்டு நாள்தான்பா" என்றான் அண்ணன். "மூணாவது நாள் ஒளிச்சு வச்ச பிஸ்கட்ட நான்தான் புடிச்சேன்."

ஒயர் அக்காவின் அறைக்குள் போனது. இப்போது அது பெட்டி, பாய், உடைந்த விசிறி எல்லாம் கிடக்கும் அறை. ஜன்னலுக்குக் கீழே சின்ன மேசை. அதன்மேல் எதையோ ஒரு வெள்ளைத் துண்டு மூடியிருந்தது. துண்டு நான்காக மடித்து, விளிம்பு கத்தி மாதிரி தேய்க்கப்பட்டிருந்தது. துண்டைக்கூட அப்படித் தேய்க்கிற ஆள் எங்கள் வீட்டில் ஒருத்திதான்.

துண்டை எடுத்தேன். கூடத்தில் இருந்த எங்கள் பழைய போன். பதில் சொல்லும் இயந்திரம் அதோடு சேர்ந்தே இருக்கும். சின்ன கேசட் ஒன்று உள்ளே இருந்தது. செய்தி பதியும் இரண்டாவது கேசட்டுக்கான இடம் காலி. பக்கவாட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு சக்கரங்கள், மணிச் சத்தத்துக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. இரண்டும் பூஜ்யத்தில். விளம்பரக்காரர்களின் தொல்லை தாங்காமல் அப்பா எப்போதோ அப்படி வைத்தது.

அண்ணனுக்கு வேலை செய்ய கூடத்து மேசை வேண்டும் என்று இந்தப் போனை எடுத்து, பழைய சாமான் பையில் போட்டது நான்தான். பையிலிருந்து யார் எடுத்தார்கள், எப்போது இங்கே கொண்டுவந்து மாட்டினார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. சலவைக் கடையில் சாயங்கால இடைவேளை நான்கு பத்துக்கு. காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாளும் இடைவேளை இல்லை.

அண்ணன்தான் முதலில் வாய் திறந்தான். "மணி மூணே முக்கால். புடுங்கிப் போடு."

குனிந்து பிளக்கில் கை வைத்தேன்.

"வேணாம்" என்றார் அப்பா.

"அப்பா, இன்னிக்கி ஒரு நாள். நாளைக்கே மாட்டிக்கலாம்."

"புடுங்கினா அங்க உங்கம்மாவுக்கு மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். இதையும் தூக்கிப் போட்டுட்டாங்கன்னு நெனச்சுப்பா. அப்புறம் நீ மாட்டினாலும் ஒண்ணுதான், மாட்டாட்டியும் ஒண்ணுதான். அவ மறுபடி கூப்பிட மாட்டா."

"அப்ப நான் ரயில் ஏறவா?"

என் கை பிளக்கிலேயே இருந்தது. அந்த இடத்தில் சுவரிலிருந்து நேராக ஒயர் வருவதைப் பார்த்தேன். போன் கூடத்தில் இருந்தபோது இப்படி இல்லை. நடுவில் ஏதோ ஒன்று இருந்தது. தீப்பெட்டி அளவில். வெள்ளையாக.

ஓடிப்போய் அலமாரியின் அடித்தட்டில் இருந்த என் தகர டப்பாவை எடுத்தேன். நான் எதையும் தூக்கிப்போடுவதில்லை. சீட்டு ஒட்டி வைப்பேன். 'ரேடியோ திருகுகள்.' 'சாவி, எந்தப் பூட்டு என்று தெரியாது.' அதற்குக் கீழே, இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதியோடு, என் கையெழுத்தில்: 'போனோடு இருந்தது. எதற்கென்று தெரியாது.'

லைன்காரர் சொன்ன ஃபில்டரை, எதற்கென்று தெரியாமலே கழற்றியது நான். அம்மாவுக்கு அது ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது. ஐந்து வாரமாக மீன்தொட்டியையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சந்தேகப்பட்ட இன்ஸ்பெக்டர், தன் டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை.

"திட்டறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்" என்றேன் அண்ணனிடம்.

"நாலரைக்கு மேல வரிசையா வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவன் கூடத்துக்கு ஓடினான்.

மாட்டி முடிக்கும்போது மூன்று ஐம்பத்தேழு. ஒருமுறை கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அண்ணன் அதற்குள் தலையில் ஒலிவாங்கியை மாட்டி மேற்பார்வையாளருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது சோதித்து, விழுந்துவிட்டால்? சோதிக்காமல் விட்டு, நான்கு பத்துக்கு விழுந்தால்? ஃபில்டரைத் தலைகீழாக மாட்டியிருந்தால்? இத்தனை நாள் டப்பாவில் கிடந்ததில் கெட்டுப்போயிருந்தால்? நோட்டு கூடத்தில் இருந்தது. சந்தேகத்தையெல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அப்பா மோடத்துக்கு எதிரே போய் நின்று வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். லிஃப்ட் குழிக்குள் இருக்கும் ஆளுக்கு மேலே இருப்பவர் காட்டும் சைகை அது. கை மேலே இருந்தால் நிற்காமல் ஓடுகிறது. இறங்கினால் நின்றுவிட்டது.

நான் அக்காவின் அறையில், மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். திறந்த கதவு வழியாக அப்பாவின் கை தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் ஒரு பலகையாகத் தரையில் கிடந்தது. இதே இடத்தில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, ஒயரை விரலில் சுற்றிக்கொண்டு, அக்கா மணிக்கணக்கில் பேசுவாள். நான் வாசலில் நின்று ஒட்டுக்கேட்பேன். "ஒரு வார்த்த அம்மாகிட்ட போச்சு, உன் ஜடை என் கையில" என்பாள். ஒரு வார்த்தையும் போகவில்லை. இன்று நினைத்துப் பார்த்தால் போகும்படி அதில் ஒன்றும் இல்லவும் இல்லை.

நான்கு எட்டு. நான்கு ஒன்பது.

"மன்னிக்கணும் மேடம், கடல் தெரியற அறைதான் கேட்டிருந்தீங்க. கடல் தெரியுது, ஆனா குளியலறையிலேர்ந்து மட்டும்னு சொல்றீங்க, இல்லையா?" என்றான் அண்ணன்.

நான்கு பத்து. நான்கு பதினொன்று.

'கிளிக்.' கண்ணாடி மூடிக்குள் கேசட் சுற்ற ஆரம்பித்தது.

நான் மோடத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். அது இறங்கவில்லை. அண்ணன் குளியலறையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். கேசட் சுற்றியது. ஊரின் இன்னொரு மூலையில், நீராவிக்கு நடுவே, அம்மா காதில் கைபேசியை ஒட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் சக்கரத்தைத் தொட எனக்கு மனசு வரவில்லை. அது அவளுடைய பத்து நிமிடம்.

கேசட் நின்றது. முடிந்தது என்று அப்பாவுக்குச் சைகை காட்டினேன். அப்பா கையை இறக்கி, மற்ற கையால் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

அம்மா ஆறரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணன் சொல்லிவிட்டான்.

"ஒரு தடவகூட அறுந்துபோகல. வீட்லேயே இருக்கச் சொல்லிட்டாங்க."

"ரெண்டு தடவ சட்டை தேச்சது வீண்" என்றாள் அம்மா. அவன் தலையில் ஒரு தட்டு தட்டி, கையை அங்கேயே ஒரு நொடி கூடுதலாக வைத்திருந்தாள். அப்புறம்தான் அக்காவின் அறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள்.

உள்ளே போனாள். துண்டு மடிப்புக் கலையாமல் மேசை ஓரத்தில் இருந்தது. ஒயர் நடுவே மாட்டியிருந்த வெள்ளை ஃபில்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நான்தான் வைஃபைய கெடுத்தேனா?"

"இல்லம்மா. நான்தான். அதக் கழட்டி வச்சது நான்."

அவள் அங்கே கிடந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி, "பிரேக் பத்து நிமிஷம். டீ குடிக்க ஏழு நிமிஷம் போதும்" என்றாள்.

"நேரா அக்காவுக்கே பண்ணலாமே" என்றான் அண்ணன்.

"அவகிட்ட நான் என்னடா பேசறது? இவகிட்டன்னா பேச வேண்டியதில்ல." கேசட்டைக் காட்டினாள். "இவ என்கிட்ட கோவிச்சுக்கல."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நோட்டில் ஒரு வரிசை இன்னும் சரியாகவில்லை. சரியாகாத வரிசையோடு எனக்குச் சாப்பாடு இறங்காது.

"அம்மா, வேல நாள் சரி. ஞாயித்துக்கிழம ஏன் பதினொன்னு இருபதுக்குப் பண்ணின?"

"ஞாயித்துக்கிழம நான் எதுக்குப் பண்றேன்? வீட்லதான இருக்கேன்."

நோட்டைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். ஐந்து ஞாயிறு. பதினொன்று இருபது. பதினொன்று இருபத்திரண்டு. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. போன ஞாயிறு அந்த நேரத்துக்கு அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள், அதுவும் எழுதியிருந்தது.

அம்மா விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது.

அப்பாதான் சொன்னார், கதவில் சாய்ந்தபடி. "ஞாயித்துக்கிழம பதினோரு மணிக்கு நாம எல்லாரும் சந்தைக்குக் கெளம்பிடுவோம்ல. அவ இருந்தப்ப."

ஆமாம். அண்ணன் பையைத் தூக்க, அக்கா பேரம் பேச, நான் நடுவில் காணாமல் போக. அவள் போனபிறகு நாங்கள் சேர்ந்து சந்தைக்குப் போவதே நின்றுவிட்டது. அது அவளுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, எங்கேயோ இருந்துகொண்டு, அவள் இந்த எண்ணைப் போடுகிறாள்.

"அவ குரல அவளே கேக்கறதுக்கா?" என்றான் அண்ணன்.

"அதுல அவ குரல் மட்டுமா இருக்கு" என்றார் அப்பா.

அம்மா எழுந்தாள். இனிமேல் மோடத்தின் விளக்கு அணையாது. யார் கூப்பிட்டாலும் நோட்டுக்குத் தெரியப்போவதில்லை. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆள் எடுத்தால் அக்கா வைத்துவிடுவாளோ, அப்புறம் கூப்பிடவே மாட்டாளோ என்றும் யோசித்தேன். அம்மாவும் அதைத்தான் யோசித்திருப்பாள். இயந்திரத்தின் முன்னால் அவ்வளவு நேரம் நின்றாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு நீங்க மூணு பேரும் சந்தைக்குப் போங்க" என்றாள்.

"நீ?"

"எனக்குத் தேய்க்கற வேல இருக்கு."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பக்கவாட்டில் இருந்த மணிச் சக்கரத்தைப் பூஜ்யத்திலிருந்து முழுசுக்கும் திருப்பினாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரே ஒரு பல் குறைத்தாள்.